அடுத்தாப்ல நிக்கது யாருலே?

ஏலே, டாக்குமெண்டரி எடுக்கப் போறியாமே? ஜாஸ் வித்வான்களப் பத்தியாம், அவங்க சரித்திரமாம். உன் சேக்காளி சொன்னான். நல்லது, எடு. நான் வேண்டாங்கல. ஆனா வாங்க வேண்டிய சாமானுக்கு ஒரு சிட்டை எழுதி வச்சிருக்கியே, அதைப் பாத்தேன். பறக்கிற கேமரா ஒண்ணு. கை நடுங்காம இருக்கதுக்கு ஒரு கம்பு. பேசுறதுக்குக் கரகரத் தொண்டையில ஒருத்தரு. விளக்கம் சொல்ல மூணு பேராசிரியரு. போஸ்டருக்குன்னு தனியா ஒரு ஆளு. எல்லாம் இருக்கு. வாத்தியம் வாசிக்கிறவன் பேரு ஒண்ணு கூட காணலையேய்யா? அவங்க கடைசியா, போனாப் போகுதுன்னு வருவாங்களோ?

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ இன்னும் கூடத்துக்குள்ளயே போகல. அதுக்குள்ள கோணலை நிமித்த ஆளு தேடுத.

செரி, உக்காரு. ஒரு படத்தப் பத்திச் சொல்லுதேன். 'எ கிரேட் டே இன் ஹார்லெம்'னு பேரு. 1994-ல வந்தது. ஒரு மணி நேரந்தான். நீ பாத்திருப்ப. ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட்டி விட்டுட்டு, பாத்தாச்சுன்னு ஸ்டேட்டஸும் போட்டிருப்ப. நான் அது ஓடுத வேகத்துலயே பாத்தேன். எனக்கு என்ன அவசரம்?

அந்தப் படம் எதைப் பத்தி? ஒரே ஒரு போட்டோவப் பத்தி. ஒரு போட்டோவுக்கு ஒரு மணி நேரமான்னு மூக்கச் சுளிக்காத. உன் ஃபோன்ல எத்தனை ஆயிரம் போட்டோ கெடக்கு? அதுல ஒண்ண எடுத்து வச்சு ஒரு நிமிசம் உன்னால பேச முடியுமா? சோத்துத் தட்டப் பத்தி எம்புட்டு நேரம்லே பேச?

1958-ம் வருசம், ஆகஸ்ட் 12. நியூயார்க்குல ஹார்லெம், கறுப்பு சனங்க வாழுத பகுதி. கிழக்கு 126-வது தெருவுல 17-ம் நம்பர் வீட்டு வாசப்படி. 'எஸ்கொயர்'னு ஒரு பத்திரிகை ஜாஸுக்குன்னு நெறையப் பக்கம் ஒதுக்கப் போவுது. ஆர்ட் கேன்னு ஒரு மனுசன் அதுக்குப் படம் நான் எடுத்துத் தாரேன்னு போயி நின்னாரு. முப்பத்திமூணு வயசு. வேற ஒரு பத்திரிகையில ஆர்ட் டைரக்டரு வேலை. போட்டோகிராபரா அவருக்கு இதுதான் முதல் பெரிய சோலி. அவரு சொன்ன யோசனை என்ன தெரியுமா? ஊர்ல இருக்க ஜாஸ்காரங்க யார் யாரு வருவாங்களோ அம்புட்டுப் பேரையும் ஹார்லெம் தெருவுக்கு வரச் சொல்லி, ஒண்ணா நிப்பாட்டி, ஒரு படம். தீந்துது யோசனை. உன்னய மாதிரி நாப்பது பக்கத்துக்குப் படம் போட்டு விளக்கல.

எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு? காலையில பத்து மணிக்கு! ராத்திரி பூரா கிளப்புல வாசிச்சிட்டு விடியக் கருக்கல்ல படுக்கிற சாதி அது. ஒரு நாளைக்கு ரெண்டு பத்து மணி உண்டாக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு ஒருத்தரு அதிசயப்பட்டாராம். ஆனாலும் வந்தாங்க. போட்டோவுல எண்ணிப் பாத்தா அம்பத்தேழு வித்வானுங்க.

அம்பத்தேழு பேரு தெருவுல நின்னா என்ன நடக்கும்? நம்ம கல்யாண வீட்டுல குரூப் போட்டோவுக்கு நிப்பாட்டுன மாமன் மச்சானுங்க கேமராவப் பாக்காம ஊர்க்கத பேசிட்டு நிப்பாங்கல்ல, அந்தக் கூத்துத்தான். ஒரு ஊர்ல ஒருத்தன், இன்னொரு ஊர்ல இன்னொருத்தன்னு வருசம் பூரா சுத்துற ஆளுக. கட்டிப் பிடிக்கிறதும் சிரிக்கிறதுமா நிக்காங்க. ஆர்ட் கேன் நாளிதழச் சுருட்டி வாயில வச்சுக் கத்துதாரு. எவன் கேட்டான்? பல வருசமா பாக்காத கூட்டாளி முன்னால நிக்கப்ப, உன் கேமராவயாலே பாப்பான்?

இதுல தெலோனியஸ் மங்க் பண்ணுன கூத்துதான் பெருசு. பியானோ வித்வான், மகா மேதை. அவரக் கூட்டிட்டுப் போக வந்த டாக்சி வாசல்ல நிக்குது. ஆளக் காணோம். உள்ள என்ன பண்ணுதாரு? எந்தச் சட்டை போடணும்னு மாத்தி மாத்திப் பாக்காரு. மத்தவன் பூரா கறுப்புக் கோட்டுல வருவான், நம்ம வெளிர் மஞ்சள்ல போனா பளிச்சுன்னு தெரிவோம்னு கணக்குப் போட்டிருக்காரு. அதோட விட்டாரா? பொம்பளைங்க நிக்க எடத்துல எல்லாரு கண்ணும் போகும்னு, நேரா போயி மேரி லூ வில்லியம்ஸ், மரியன் மெக்பார்ட்லேண்ட் பக்கத்துல நின்னுக்கிட்டாரு. இன்ஸ்டாகிராம் பொறக்கதுக்கு அரை நூத்தாண்டு முந்தியே மனுசனுக்கு இந்த ரோசனை! இதுல பாரு, போட்டோ கறுப்பு வெள்ளை. மஞ்சளாவது ஒண்ணாவது. ஆனா ஒண்ணு, வெளுப்பா நிக்கிற ஆளு தனியாத்தான் தெரியுதாரு. மேதைன்னா சும்மாவா?

மொத்தம் மூணே மூணு பொம்பளைங்கதான் அதுல. மூணாவது, பாடகி மேக்சின் சல்லிவன். அம்பத்தேழுல மூணு. மத்தவங்கள்லாம் எங்கன்னு நீ கேட்டா அது நல்ல கேள்வி. உன் சிட்டையில அதுக்கு எடம் இருக்கா?

பெரிய தலைகள் எங்கன்னு கேப்ப. லூயி ஆம்ஸ்ட்ராங் இல்ல. டியூக் எலிங்டன் இல்ல. மைல்ஸ் டேவிஸ் இல்ல, கோல்ட்ரேன் இல்ல. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? ஸ்டார் வரலன்னு ஷூட்டிங்க ஒத்தி வச்சிருப்ப. ஆர்ட் கேன் வந்தவங்கள வச்சு எடுத்தாரு. வந்தவங்க லேசுப்பட்ட ஆளுகளா? எழுபது தாண்டின லக்கி ராபர்ட்ஸ் ஒரு பக்கம், முப்பதத் தொடாத சோனி ராலின்ஸ் ஒரு பக்கம். நடுவுல அந்த இசையோட மொத்தச் சரித்திரமும் வெயில்ல வேர்த்துட்டு நிக்கி.

கவுன்ட் பேசி நின்னு பாத்தாரு, கால் கடுத்துப் போச்சு. நடைபாதை விளிம்புல உக்காந்துட்டாரு. தெருப் பொடிசுக ஒரு டஜன் பேரு அவரு பக்கத்துல வரிசையா குந்திக்கிட்டுதுக. உலகம் பூரா பேரெடுத்த பேண்ட் தலைவரு, சேட்டை பண்ணுத பயலுகளுக்கு மத்தியில. அந்தப் பொடிசுகள வெரட்டியிருந்தா இந்தப் போட்டோ வெறும் பள்ளிக்கூட வாத்தியாருமாரு குரூப் போட்டோவாப் போயிருக்கும். ஒழுங்கு பண்ணுதேன் ஒழுங்கு பண்ணுதேன்னு எத்தனையக் கெடுத்திருக்கோம்!

டிஸ்ஸி கில்லெஸ்பி இருக்காரே, அவரு இன்னொரு தினுசு. அவரு எளவட்டத்துல யாரப் பாத்து டிரம்பெட் ஊதப் பழகுனாரோ அந்த ராய் எல்ட்ரிஜ் முன்னால நிக்காரு. மரியாதையா நிக்க வேண்டாமா? இந்த ஆளு பின்னால இருந்து நாக்கத் துருத்திக் காட்டுதாரு. எல்ட்ரிஜ் திரும்பிப் பாக்காரு. அந்த நேரம் பாத்து கேமரா 'கிளிக்'. காலத்துக்கும் அந்த மனுசன் தலை திரும்புனபடியே நிக்கி.

இன்னொருத்தரு கதை பாவம். வில்லி 'தி லயன்' ஸ்மித். பேருலயே சிங்கம். நின்னு நின்னு அலுத்துப் போயி அடுத்த வீட்டுப் படியில போயி உக்காந்துட்டாரு. கடைசியா பத்திரிகைக்குத் தேர்ந்தெடுத்த படத்துல அவரு விளிம்புக்கு வெளிய. சிங்கம் தப்பிச்சுப் போச்சு.

இன்னொண்ணும் கவனி. இதுக்கு முந்தின வருசந்தான் லிட்டில் ராக்ங்கிற ஊர்ல ஒம்பது கறுப்புப் பிள்ளைக பள்ளிக்கூடத்துக்குள்ள போகதுக்குப் பட்டாளம் வர வேண்டியிருந்துச்சு. இங்கன பாத்தா ஜீன் குருப்பா, ஜெர்ரி மல்லிகன், பீ வீ ரஸ்ஸல்னு வெள்ளைக்காரங்க, கறுப்பு வித்வான்களோட தோளோட தோளா ஹார்லெம் வாசப்படியில நிக்காங்க. இதுக்கு எவனும் மாநாடு கூட்டல, உறுதிமொழி எடுக்கல. அதுக்காக எல்லாம் செரியாப் போச்சுன்னு நெனைக்காத. வாசிச்சு முடிச்சதும் தங்க ரூம் கெடைக்காம அலைஞ்ச கறுப்பு வித்வானுங்க இதே கூட்டத்துல நிக்காங்க.

அதுல ஒருத்தருதான் மில்ட் ஹின்டன். டபுள் பேஸ்காரரு. எங்க போனாலும் கேமராவும் கையுமாப் போற மனுசன். கேப் கேலவே குழுவோட ஊர் ஊராச் சுத்துனப்ப, 'கறுப்பருக்கு மட்டும்'னு பலகை தொங்குன எடத்துல கூட வந்த வித்வான்கள நிப்பாட்டிப் படம் எடுத்து வச்சவரு. அன்னைக்கு 126-வது தெருவுக்கு ஒரு எட்டு மில்லிமீட்டர் சினிமா கேமராவும் கொண்டாந்தாரு. தானும் போட்டோவுல நிக்கணுமே, என்ன செய்ய? வீட்டுக்காரம்மா மோனா கையில குடுத்துட்டாரு. அந்தம்மா சினிமாக்காரி இல்ல. ஆனா பிடிச்சா பாரு! கலர்ல, சத்தமில்லாம, ஆளுக வாரதும் போறதும் கட்டிக்கிறதும். முப்பது வருசத்துக்கு மேல கழிச்சு அந்தச் சுருள்தான்லே ஒரு முழுப் படத்துக்கே உசிரு குடுத்துது. கேமரா என்ன விலைன்னு எவனாவது கேட்டானா?

அந்தப் படத்த எடுத்தது யாரு? அதச் சொல்லணும்ல. ஜீன் பாக்னு ஒரு அம்மா. ரேடியோ நிகழ்ச்சி தயாரிச்சுட்டு இருந்தவங்க. 1918-ல பொறந்தவங்க. படம் வந்த வருசத்தோட கணக்குப் போட்டுப் பாரு. அதுக்கு முந்தி ஒரு படங்கூட எடுத்ததில்ல. நீ இருபத்தாறு வயசுல லேட்டாயிட்டு லேட்டாயிட்டுன்னு நகத்தக் கடிச்சிட்டு இருக்க.

அந்தம்மா பண்ணுன வேலை ரொம்பச் சின்னது. போட்டோவுல இருந்தவங்கள்ல உசிரோட இருக்கவங்களத் தேடிப் போனாங்க. அன்னைக்கு என்ன நடந்துது, இவரு யாரு, அவரு எப்படிப்பட்ட ஆளுன்னு பேச விட்டாங்க. அவ்வளவுதான். கேட்டதுக்கு அவங்க என்ன பேசுதாங்கன்னு கவனிச்சியா? ஒருத்தனாவது 'நான் பெரிய ஆளு'ங்கானா? பூரா அடுத்தாப்ல நிக்கவனப் பத்திதான் பேச்சு. இவன் இப்பிடி ஊதுவான், அவன் இப்பிடி உடுத்துவான், இன்னொருத்தன் இந்தக் குசும்பு பண்ணுவான்னு. யய்யா, ஒரு மனுசன அவனப் பத்தியே பேசச் சொன்னா பாதி பொய்தான் வரும். பக்கத்துல நிக்கவனப் பத்திப் பேசச் சொல்லு. கொஞ்சம் புறணி, கொஞ்சம் பாசம், மொத்தத்துல நெசம் வந்து விழுந்துரும். இதக் கண்டுபிடிக்க பேராசிரியரு எதுக்கு? நம்ம திண்ணை போதாதா?

இன்னொண்ணு, போட்டோவுல நிக்க ஆர்ட் பிளேக்கி அந்தப் படத்துல பேசுதாரு. 1990-ல செத்துப் போனாரு. டிஸ்ஸி பேசுதாரு. 1993-ல போயிட்டாரு. படம் வெளிய வரும்போது ரெண்டு பேரும் இல்ல. ஸ்பான்சர் கெடைக்கட்டும், மழை விடட்டும், நல்ல மைக் வரட்டும்னு அந்தம்மா காத்திருந்தா யார்கிட்ட கேட்டிருப்பாங்க? நீ 'ப்ரீ புரொடக்‌ஷன்'னு ஒண்ணு சொல்லுதியே, அது எமனுக்குத் தெரியுமாலே?

சரித்திரம் சரித்திரம்ங்க. அந்தப் போட்டோவுல கோல்மன் ஹாக்கின்ஸ் நிக்காரு, லெஸ்டர் யங் நிக்காரு. ரெண்டு பேரும் டெனர் சாக்சபோன். ஹாக்கின்ஸுக்குக் கனமான நாதம், அறையே நெறையும். லெஸ்டருக்கு லேசு, காத்துல மெதக்கும். 1934-ல ஹாக்கின்ஸ் பிளெச்சர் ஹென்டர்சன் குழுவ விட்டுப் போனாரு, அந்த எடத்துக்கு லெஸ்டரக் கொண்டாந்தாங்க. ஹென்டர்சன் வீட்டுக்காரம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? ஹாக்கின்ஸ் வாசிச்ச ரெக்கார்டுகளப் போட்டுக் காட்டி, நீயும் இப்பிடி வாசின்னு பாடம் எடுத்தாங்க. லெஸ்டர் கேப்பாரா? கொஞ்ச நாள்ல பெட்டியத் தூக்கிட்டாரு. அடுத்தவன மாதிரி ஆகணும்னு வீட்டுல நச்சரிக்கிறது அங்கயும் உண்டு பாத்துக்கோ.

அதுக்கு முந்தி கான்சஸ் சிட்டியில ஒரு ராத்திரி நடந்துது. அதே போட்டோவுல நிக்க மேரி லூ வில்லியம்ஸ் சொன்ன கதை இது. ஹாக்கின்ஸ் அந்த ஊர் கிளப்புக்கு வந்து மாட்டிக்கிட்டாரு. ஊர்க்காரப் பயலுக லெஸ்டரு, பென் வெப்ஸ்டரு, ஹெர்ஷல் எவன்ஸ்னு சுத்தி நின்னு ஊதுதாங்க. நானா நீயா பாப்போம்னு விடிய விடியப் போட்டி. ராத்திரி நாலு மணி வாக்குல மேரி லூ வீட்டு சன்னல யாரோ சொரண்டுதாங்க. பாத்தா பென் வெப்ஸ்டர். பியானோ வாசிக்கிறவங்க எல்லாம் களைச்சு விழுந்துட்டாங்க, நீ எந்திரிச்சு வா, ஹாக்கின்ஸ் சட்டையக் கழத்திப் போட்டுட்டு இன்னும் ஊதிட்டிருக்காருங்காரு. கடைசியில ஹாக்கின்ஸுக்கு மறுநாள் அடுத்த ஊர்க் கச்சேரிக்கு நேரமாகி, புதுக் காரை அடிச்சு ஓட்டி எஞ்சினையே பொசுக்கிட்டாராம். இத ஒரு பேராசிரியரு சொன்னா எப்பிடிச் சொல்லுவாரு? 'பாணிகளுக்கிடையேயான முரணியக்கம்'ம்பாரு. சட்டை கழண்டதச் சொல்ல மாட்டாரு. சட்டை கழண்டதுலதான்லே சரித்திரம் இருக்கு.

அந்த லெஸ்டரப் பாரு போட்டோவுல. தலையில அவரோட தட்டைத் தொப்பி. போட்டோ 1959 சனவரி இதழ்ல வந்துது. மார்ச்சுல ஆளு போயிட்டாரு. நாப்பத்தொம்பது வயசு. அதே போட்டோவுல நிக்க சார்லஸ் மிங்கஸ் அந்த வருசமே அந்தத் தொப்பி பேருல ஒரு இரங்கல் ராகம் கட்டுனாரு. 'குட்பை போர்க் பை ஹாட்'. இன்னைக்கும் சாக்சபோன் பிடிச்சவன் பூரா அத வாசிச்சுப் பாக்காம விடுறதில்ல.

நீ என்ன சொல்லப் போறன்னு தெரியும். கென் பர்ன்ஸ் எடுத்தாரே தாத்தாம்ப. எடுத்தாரு, நான் இல்லங்கல. 2001-ல 'ஜாஸ்'னு பத்து பாகம், பத்தொம்பது மணி நேரம் வாக்குல. உழைப்பு பெருசு. பழைய படமும் பழைய பாட்டும் தோண்டித் தோண்டி எடுத்திருக்காரு, ஆம்ஸ்ட்ராங் வார எடமெல்லாம் எந்திரிக்க மனசு வராது. ஆனா ஒரு கணக்கு இடிக்குதே. 1960 வரைக்கும் ஒம்பது பாகம். அதுக்குப் பொறவு நாப்பது வருசத்த ஒத்தப் பாகத்துல மூட்ட கட்டிட்டாரு. அந்த நாப்பது வருசமும் ஊதிட்டு இருந்தவனுக்குக் கோவம் வருமா வராதா? செத்தவனுக்கு மாலை, இருக்கவனுக்கு வாசப்படியா?

அவரு போட்டோவுக்குள்ள பைய நெருங்கிப் போவாருல்ல, அந்த வித்தைக்கு அவரு பேரையே வச்சு ஆப்பிள் கம்பெனிக்காரன் ஐமூவியில பொத்தான் போட்டிருக்கான். நீயும் அமுக்குவ. அமுக்கு. பொத்தானு போட்டோவத்தான் நகத்தும். உள்ள நிக்கவன் வாயத் தொறக்கதுக்கு எவனும் பொத்தான் கண்டுபிடிக்கல.

ஸ்பீல்பெர்க்கோட 'தி டெர்மினல்' பாத்திருப்ப. 2004. டாம் ஹாங்க்ஸ் ஏர்போர்ட்ல மாசக்கணக்கா மாட்டிக்கிட்டுக் கெடப்பாரே. கையில ஒரு கடலை டப்பா. அதுக்குள்ள என்ன? அந்த ஹார்லெம் போட்டோவுல நிக்க வித்வான்களோட கையெழுத்து. அவங்க அப்பா எழுதி எழுதிச் சேத்தது. ஒரே ஒருத்தரு பாக்கி, பென்னி கோல்சன். அந்த ஒத்தக் கையெழுத்துக்குத்தான் அந்தப் பாடு. கோல்சன் நெசமாவே அந்தப் படத்துல வந்து வாசிப்பாரு. நீ அத ஏர்போர்ட் காமெடின்னு பாத்துச் சிரிச்சுட்டு எந்திரிச்சிருப்ப.

ஜீன் பாக் அம்மாவோட படம் ஆஸ்கருக்குப் பேரு போச்சு. பரிசு வேற படத்துக்குப் போயிட்டு. நீயா இருந்தா போஸ்டர்ல இலை வரைஞ்சு, பேருக்கு முன்னால பட்டம் ஒட்டி, அடுத்த படத்துக்கு அண்டார்டிகா கிளம்பியிருப்ப. அந்தம்மா அடுத்து எதப் பத்தி எடுத்தாங்க தெரியுமா? காகித உருண்டையப் பத்தி!

சிரிக்காத, நெசமாத்தான். 1998-ல வந்தது, 'தி ஸ்பிட்பால் ஸ்டோரி'. கத இதான். 1941-ல ஹார்ட்ஃபோர்டுல கேப் கேலவே குழு கச்சேரி. எவனோ எச்சில் தொட்டு உருட்டுன காகிதத்த மேடையில எறிஞ்சுட்டான். கேலவேக்குச் சந்தேகமே வரல. குழுவுல குசும்பு பிடிச்சது டிஸ்ஸிதான, அவந்தான்னுட்டாரு. டிஸ்ஸி நான் இல்லங்காரு. பேச்சு முத்தி, கை கலந்து, டிஸ்ஸி கையில கத்தி. அதே ஹின்டன் அங்கன இருந்தாரு, கையத் தட்டி விட்டாரு. இருந்தும் கேலவேக்குச் சின்ன வெட்டு. டிஸ்ஸிக்கு வேலை போச்சு.

எறிஞ்சது டிஸ்ஸி இல்ல. ஜோனா ஜோன்ஸ். அவரும் டிரம்பெட்காரருதான். அந்த மனுசன் சமயத்துல வாயத் தொறந்திருந்தா டிஸ்ஸிக்கு வேலை போயிருக்காது. இந்தம்மாவுக்கு ரெண்டாவது படமும் கெடைச்சிருக்காது.